கயிற்றில் இரண்டு சட்டைகள்

என் தம்பிக்கு ஆயுள் தண்டனை விதித்த தீர்ப்பின் நாற்பத்தொன்றாவது பத்தியில் நான் இருக்கிறேன். பெயர் இல்லாமல், குற்றவாளியின் சகோதரி என்று மட்டும். ரத்தக்கறை படிந்த ஆடைகளை அந்தச் சகோதரி உடனே துவைத்துவிட்டாள் என்றும், தடயத்தை அழிக்கும் அவசரம் அதில் தெரிகிறது என்றும், குற்றவாளியின் தூண்டுதலால் நடந்த அந்தச் செயல் அவனுடைய கொலை நோக்கத்துக்குச் சான்று என்றும் அங்கே எழுதியிருக்கிறது. ஆங்கில வாக்கியங்கள். நன்றாகக் கட்டப்பட்டவை. பள்ளி நூலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் என்பதால் அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அவை பொய்.

துவைத்தது நான்தான். ஏன் துவைத்தேன் என்று விசாரணை நீதிமன்றத்தில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அந்தப் பதிலை யாராவது காதில் வாங்கிக்கொள்ள ஒரு மேல்முறையீடும் ஆறு மழைக்காலங்களும் தேவைப்பட்டன.

எங்கள் வீடு மட்டாஞ்சேரியில், சலவைக்களத்தை ஒட்டி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கமிருந்து நாலு தலைமுறைக்கு முன் வந்தவர்கள் நாங்கள். அந்த ஊரை நான் பார்த்ததில்லை. பார்க்கும் ஏக்கமும் இல்லை. எனக்கு ஊர் என்றால் இந்தக் களம்: வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள், ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு துவைகல், எதிரே மணல்வெளியில் கயிறுகள், ஓரத்தில் தேய்ப்புக் கொட்டகை. எங்கள் கயிற்றுக்குக் கிளிப் வேண்டாம். இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருப்போம். துணியின் விளிம்பை முறுக்குக்குள் செருகிவிட்டால் கடற்காற்றுக்கும் விழாது. நடுவில் தொய்யாமல் இருக்கக் கவட்டைக் கம்புகளை முட்டுக் கொடுத்திருப்போம். எந்தக் கயிற்றின் கீழும் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு மூன்று கம்புகள் நிற்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பு பின்னால் நீதிமன்றத்துக்குப் போனது.

களத்துப் பிள்ளைகள் இப்போது மலையாளத்தில்தான் எழுதுகிறார்கள். வழக்கின் காகிதங்களில் பாதி மலையாளம், மீதி ஆங்கிலம். நான் இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், சண்டை தமிழில் நடந்தது.

அப்பா இறந்தபின் அவருடைய தொட்டியும் கயிறும் அண்ணனுக்கும் தம்பிக்கும் பொதுவாகின. இருவருக்கும் நடுவில் பிறந்தவள் நான். படித்து வெளியே வேலைக்குப் போனதால் எனக்குப் பங்கில்லை, நான் கேட்டதுமில்லை. அண்ணன் ஹோட்டல் விரிப்புகளை எடுத்து வெளுப்பார். தம்பி ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் விரிப்புகளை எடுத்து வந்தான். கயிறு ஒருநாள் அவருக்கு, ஒருநாள் இவனுக்கு. மழைக்காலத்தில் மட்டும் களத்துக்கென்று வேறு ஒரு வழக்கம் உண்டு: முறை நாளுக்கில்லை, வெயிலுக்கு. உன் முறை நாளில் மழை பெய்துவிட்டால் அடுத்து வரும் வெயில் உன்னுடையது; பல நாள் பெய்தால் கடைசியாக முறை இழந்தவருடையது. களத்தில் இதை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. மீறியவரும் அதுவரை யாரும் இல்லை.

அன்று நான்கு நாள் மழைக்குப் பிறகு காலை பத்து மணிக்கு வெயில் வந்தது. முந்தைய நாள் தம்பியின் முறை. அது மழையில் போயிருந்தது. பள்ளிக்கு விடுமுறை என்பதால் நான் கொட்டகையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தம்பி தன் விரிப்புகளைக் கயிற்றில் செருகி முடிக்கும்போது அண்ணன் தன் கூடையோடு வந்தார்.

"எடுடா அதை. நாலு மணிக்கு ஹோட்டல் வண்டி வரும்."

"இது என் வெயில் அண்ணே. நேத்து என் முறை மழையில போச்சு."

"போனது போனதுதான். உன் ஆஸ்பத்திரிக்காரன் நாளைக்குத்தானே வருவான். நோயாளி என்ன, விரிப்பு வரலைன்னு எழுந்து ஓடிடுவானா?"

"அப்பா இருந்தா இப்படிச் சொல்லுவியா?"

"அப்பா இருந்தா உன்னைத் தொட்டிப் பக்கமே விட்டிருக்க மாட்டாரு. கட்டின பொண்டாட்டிய வீட்ல நிறுத்தத் தெரியல. கயித்துல மட்டும் உரிமை."

தொட்டிகளில் நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பியின் மனைவி அவனைவிட்டுப் போய் ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நானும் சிரித்தேனா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தலை குனிந்து மடித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் ஞாபகம். வாயை மூடித் தலை குனிந்திருப்பதும் சிரிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றுதான்.

அண்ணன் தம்பியின் விரிப்பு ஒன்றை உருவி ஈர மணலில் போட்டார். இரண்டாவதை உருவும்போது தம்பி முட்டுக்கம்பைப் பிடுங்கினான். கயிறு தொய்ந்து அவன் விரிப்புகள் எல்லாமே மண்ணில் விழுந்தன. "கொன்னுடுவேன் உன்னை" என்று கத்திக்கொண்டு கம்பை வீசினான். அது அண்ணனின் காதுக்கு மேலே பட்டது. அவர் நிலைதவறிச் சாய்ந்து தொட்டியின் விளிம்பில் தலை மோத விழுந்தார்.

என் தம்பி அடித்தான். இதை நான் எங்கும் மறைத்ததில்லை, இங்கேயும் மறைக்கவில்லை. அவன் கத்தியதையும் மறைக்கவில்லை. எங்கள் களத்தில் அந்த வார்த்தையைத் தாய் பிள்ளையிடமும் மருமகள் மாமியாரிடமும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார்கள்.

அண்ணன் உடனே எழுந்து உட்கார்ந்தார். தம்பி கம்பைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் தலையைத் தன் மார்போடு சேர்த்து அழுத்திப் பிடித்தான். அவன் சட்டை நனைந்தது அப்போதுதான். அண்ணன் அவன் கையைத் தட்டிவிட்டார். "விடுடா. ஒரு சாயா கொண்டு வரச் சொல்லு." பக்கத்துத் தொட்டிக்காரர் ஆட்டோ கூப்பிடப் போனார். எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் குனிந்து தன் நீலச் சட்டையைப் பார்த்தார். தோள் முழுக்க ரத்தம்.

"இதைப் போட்டுக்கிட்டா எர்ணாகுளம் போறது?"

வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. களத்தைவிட்டு நாங்கள் யாரும் கறையோடு போவதில்லை. துவைக்கிற வீட்டு ஆள் அழுக்காக வெளியே போனால் தெருவில் என்னவெல்லாம் சொல்வார்கள் என்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பேருந்தில் ஏறும்போதும் ரேஷன் கடைக்குப் போகும்போதும் எங்கள் மடிப்புக் கலைந்திருக்காது. அதனால் அண்ணி கொட்டகைக்குள் ஓடிப்போய்த் தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து வந்தாள். அண்ணன் மனைவியைத்தான் சொல்கிறேன். நான் நீலச் சட்டையைக் கழற்றினேன். அவர் தானே கையை உயர்த்தினார். காயத்தில் ஒரு துண்டைக் கட்டி, வெள்ளைச் சட்டையை மாட்டி, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டேன். தம்பியும் தன் பழுப்புச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று மாட்டினான். மூவரும் ஆட்டோவில் ஏறினார்கள். ஏறும்போதே அண்ணி தம்பியைப் பார்த்து, "நீ கூட வராதே, இறங்கு" என்றாள். அண்ணன், "வரட்டும், எனக்கு அங்கே நடக்கத் துணை வேணும்" என்றார். அவர் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அவர்கள் போனபின் இரண்டு சட்டைகளும் தரையில் கிடந்தன. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் களம் இது. ரத்தம் எங்களுக்குக் கறைகளில் ஒன்று. பச்சைத் தண்ணீர், உப்பு, சோப்பு பிறகு, வெந்நீர் கூடவே கூடாது, காயவிடவும் கூடாது. ஐந்து வயதில் கற்றது. என் கை என்னைக் கேட்காமலே இரண்டையும் தொட்டியில் போட்டது. அலசிப் பிழிந்தபோது மீண்டும் தூறல். கொட்டகைக்குள் இருக்கும் கயிற்றின் முறுக்கில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் செருகினேன். தையல் போட்டுக்கொண்டு அண்ணன் சாயங்காலம் வருவார், நீலச் சட்டையில் கறை போயிருக்கிறதா என்று பார்ப்பார் என்பதைத் தவிர வேறு நினைப்பு எனக்கு இல்லை.

தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. மாலையில் நினைவு தப்பியது. மூன்றாம் நாள் காலை இறந்தார். அதற்குள் தம்பியை ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே போலீஸ் அழைத்துப் போயிருந்தது. அண்ணன் இறந்த அன்று மதியம் ஒரு போலீஸ்காரர் களத்துக்கு வந்து சட்டைகளைக் கயிற்றிலிருந்து உருவினார்.

"இன்னும் காயல சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டு, ஈரம் என்று எழுதிக்கொண்டார்.

வழக்கில் அண்ணிதான் முதல் சாட்சி. கொழுந்தன் கம்பைத் தேடி எடுத்து வந்து கணவனைத் தாக்கினான் என்று சொன்னாள். வெள்ளைச் சட்டையைப் பற்றி அவளும் சொல்லவில்லை, அவளைக் கேட்கவுமில்லை. அவள் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை. பதினேழு வருடம் ஒரே தொட்டியில் அவரோடு நின்றவள்.

என்னையும் அரசுத் தரப்பு சாட்சியாகத்தான் கூப்பிட்டது. நான் நடந்ததைச் சொன்னேன். அவர்களுக்கு வேண்டியது அதில் பாதிதான். அரசு வக்கீல் என்னிடம் கேட்ட கேள்வி இன்றும் நினைவிருக்கிறது.

"துணி துவைப்பது உங்கள் குடும்பத் தொழில். ரத்தக்கறையை எப்படி மறைப்பது என்று உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"மறைக்கத் தெரியாது. போக்கத் தெரியும்."

"தம்பி சொல்லித்தானே துவைத்தீர்கள்?"

"அவன் ஆட்டோவில் போயிருந்தான். இரண்டு சட்டையையும் நானாகத்தான் அலசினேன்."

நான் பிறழ்சாட்சி என்று அறிவிக்கப்பட்டேன். கட்சி மாறியவள் என்று பொருள். எந்தக் கட்சியில் இருந்து எந்தக் கட்சிக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இறந்தவர் என் அண்ணன். கூண்டில் நின்றவன் என் தம்பி. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

தீர்ப்பு வந்தபின் களத்தில் சிலர், வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடலாமே என்று பக்குவமாகச் சொன்னார்கள். பள்ளியிலும் ஒரு மூத்த ஆசிரியை, இடமாற்றம் கேட்டால் கிடைக்கும் என்றார். நான் கேட்கவில்லை. காலையில் அதே களத்தின் நடுவாக, மடிப்புக் கலையாத சேலையில், அதே நேரத்துக்குப் போனேன். மாலையில் அதே வழியில் திரும்பினேன். அண்ணி தொட்டியில் தனியாக நின்று துவைத்தாள். கயிறு முழுக்க இப்போது அவளுடையது. நான் கடக்கும்போது அவள் துவைகல்லில் துணியை அறையும் ஓசை கொஞ்சம் பலமாகும். சில நாள் அடுத்த தொட்டிக்காரியிடம் சத்தமாகச் சொல்வாள்: "டீச்சரம்மா போறாங்க, வழி விடு. சட்டமெல்லாம் படிச்சவங்க." நான் டீச்சர் இல்லை, நூலகத்தில் இருப்பவள். ஆனாலும் களம் என்னை எப்போதும் அப்படித்தான் அழைத்தது. நான் பதில் சொன்னதில்லை. ஆனால் அவளைக் கண்டால் வேறு வழியில் போனதுமில்லை.

மேல்முறையீட்டுக்கு இலவச சட்ட உதவியில் ஒரு பெண் வக்கீல் கிடைத்தார். நாற்பது வயதிருக்கும், மலையாளி, எதையும் இரண்டு முறை படிக்கும் பழக்கமுள்ளவர். வழக்குக் கட்டின் நகல் ஒன்றை எனக்கும் தந்தார். நூலகத்தில் மதிய இடைவேளைகளில் அதைப் படித்தேன். பிரேதப் பரிசோதனை அறிக்கை உள்ள பக்கங்களை மட்டும் முதல் தடவை கடந்துபோனேன். போலீஸார் கைப்பற்றிய பொருட்களைப் பட்டியலிடும் மகஜர் மலையாளத்தில், கையெழுத்தில் இருந்தது. அதில் ஒரு வரி: நீலச் சட்டை ஒன்று, பழுப்புச் சட்டை ஒன்று, ஈரம், கொட்டகையில் உள்ள பொதுக் கயிற்றிலிருந்து. அதைப் பென்சிலால் கோடிட்டேன். நூலகத்துப் புத்தகத்தில் யாராவது கோடிட்டால் திட்டுகிற நான்.

ஒரு சனிக்கிழமை வக்கீல் களத்துக்கே வந்தார். கயிறுகளுக்கு நடுவில் நடந்து, கம்புகளை எண்ணுபவர் போலப் பார்த்தார்.

"சேச்சி, இந்தக் கம்பு எப்பவும் இங்கேயே நிக்குமா?"

"கம்பு இல்லாட்டி கயிறு தரையில கிடக்கும்."

"தேடி எடுத்து வந்தான்னு தீர்ப்புல இருக்கே."

"எழுதினவர் வீட்டுல துணி மொட்டை மாடியில காயும்போல."

அவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். பிறகு கொட்டகைப் படியில் உட்கார்ந்து என் சாட்சியத்தின் பக்கத்தை விரித்தார். "இங்கே இரண்டு சட்டையையும் என்று சொல்லியிருக்கீங்க. பழுப்பு, உங்க தம்பியோடது. நீலம் செத்தவரோடது. செத்தவருக்கு நீங்க சட்டை மாத்தினதா ஒரே ஒரு வரி இருக்கு. அது எப்படி நடந்தது?"

சொன்னேன். கையை உயர்த்தியது வரை, பொத்தான் வரை. அவர் பேனாவை மூடினார்.

"இந்த வரியைக் கோர்ட்டுல படிச்சா வழக்கு திரும்பும். கொல்ல நினைச்சவனோட குடும்பம் செத்தவரோட சட்டையையும் சேர்த்து வெளுத்து வைக்காது. அவர் திரும்பி வருவார்னு எல்லாரும் நம்பியிருக்கீங்க. ஆனா சேச்சி, இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. தலை உடைஞ்சவருக்குச் சட்டை மாத்திக்கிட்டிருந்தீங்களான்னு எதிர்த்தரப்பு கேட்கும். அந்தப் பத்து நிமிஷம் முன்னாடி போயிருந்தா பிழைச்சிருப்பாரோன்னு கேட்கும். தீர்ப்பிலேயும் எழுதலாம். எழுதினா அது உங்க பேர்ல நிக்கும்."

அந்தக் கேள்வி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆறு வருடமாக ஒவ்வொரு நாளும் சேலை மடிப்பைச் சரிசெய்யும்போது அது எனக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"படிங்க" என்றேன். "ஏற்கெனவே ஒரு பொய் என் பேர்ல நிக்குது. உண்மையும் நிக்கட்டும்."

"வெள்ளைச் சட்டையை எடுத்துத் தந்தது யார்?"

கொட்டகைக்கு வெளியே அண்ணி விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கும் தூரமில்லை.

"அது என் சாட்சியத்துல இருக்கா?"

"இல்லை."

"அப்ப உங்களுக்கும் வேண்டாம்."

வக்கீல் என் முகத்தையும் வெளியே அண்ணியையும் பார்த்தார். பிறகு காகிதங்களை அடுக்கினார்.

விசாரணை நாளன்று நான் மட்டாஞ்சேரியிலிருந்து படகில் எர்ணாகுளம் போனேன். உயர்நீதிமன்றத்தின் அந்த அறையில் பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அண்ணி வந்தாள். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சேலை. அந்த அறையில் வக்கீல்களின் கழுத்துப்பட்டிகூட அத்தனை விறைப்பாக இல்லை. அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். தம்பி அங்கே இல்லை. மேல்முறையீட்டில் சிறையில் இருப்பவரைக் கொண்டுவருவதில்லை. அவனுக்காக அங்கே இருந்தது காகிதங்களும் நானும்தான்.

எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. கம்பைப் பற்றிப் பேசினார்கள். அண்ணி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. பிறகு எங்கள் வக்கீல் மகஜரின் வரியைப் படித்தார். பல குடும்பங்கள் புழங்கும் கொட்டகையில், பொதுக் கயிற்றில், மூன்று நாள் எல்லோரும் பார்க்கத் தொங்கியவை இவை. மறைக்கப்பட்ட தடயம் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டார். அடுத்து என் சாட்சியத்தை எடுத்தார். இரண்டு சட்டை என்பதற்கு அவர் இரண்டு விரலை உயர்த்தினார். அதைப் பார்த்ததும் அண்ணி பெஞ்சில் நகர்ந்து என் அருகில் வந்தாள். ஆறு வருடத்தில் அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல்முறை.

"என்ன சொல்றாங்க?"

"அண்ணனோட சட்டையையும் நான் அலசினதைச் சொல்றாங்க."

அரசு வக்கீல் எழுந்தார். நான் எதிர்பார்த்த கேள்வியை எதிர்பார்த்ததைவிட மென்மையாகவே கேட்டார். மூத்த நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன?" என்றாள் அண்ணி.

மென்மையாக்கிச் சொல்லியிருக்கலாம். பாதியை விட்டும் சொல்லியிருக்கலாம். புரியாதவருக்குப் பாதி சொல்வதைத்தான் அந்த வழக்கு முழுவதும் எங்களுக்குச் செய்தார்கள். அதை நான் அவளுக்குச் செய்ய மாட்டேன்.

"அடிபட்டவரை உடனே கொண்டு போகாம எதுக்குச் சட்டை மாத்தினாங்கன்னு கேக்கறாங்க. அதுல நேரம் போச்சேன்னு கேக்கறாங்க."

அவள் கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.

"யார் மாத்தினதா இருக்கு?"

"நான்."

"சட்டை எடுத்துக் கொடுத்தது?"

"அது இல்லை."

எங்கள் வக்கீல் ஆஸ்பத்திரியின் முதல் பதிவைப் படித்துக்கொண்டிருந்தார்: நடந்து வந்தார், நினைவோடு இருந்தார், தன் பெயரைத் தானே சொன்னார், சுத்தமான வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். மற்ற நீதிபதி ஒரு பெண். அவர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சட்டை மாற்றும்போது அவரால் கையை உயர்த்த முடிந்ததா? முடிந்தது என்று பதிவிலிருந்து நேராகச் சொல்ல முடியாது, ஆனால் நடந்து வந்தவர் என்று இருக்கிறது என்றார் வக்கீல். பதில் எனக்குத் தெரியும். அங்கே எழுந்து பேச எனக்கு உரிமையில்லை.

"என்ன கேட்டாங்க அந்தம்மா?"

"கையைத் தூக்கினாரான்னு."

"தூக்கினாரே" என்றாள் அண்ணி. தமிழில், சாதாரணக் குரலில். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

படகுத்துறையில் அடுத்த படகுக்கு நேரமிருந்தது. அவள் எனக்கு முன்னால் நடந்து போய்க் கம்பியைப் பிடித்து நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நான்தான் எடுத்துக் கொடுத்தேன்னு ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல அண்ணி."

"கூண்டுல நிறுத்திக் கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன். நான் பொய் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றாள். "அதான் பயந்துகிட்டே இருந்தேன். நீ களத்துல நடந்து போறப்பல்லாம் இன்னைக்குச் சொல்லுவியா, நாளைக்குச் சொல்லுவியான்னு."

துவைகல்லின் ஓசை ஏன் பலமாயிற்று என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. படகு வந்தது. ஏறி உட்கார்ந்தபின் அவள் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்: "அதுக்காக நான் அவனை மன்னிச்சேன்னு நினைக்காதே. அவன் வெளிய வந்தாலும் அவன்கிட்ட நான் பேச மாட்டேன்."

"பேச வேண்டாம்."

"அவன் அடிச்சான்."

"அடிச்சான் அண்ணி. நான் இல்லைன்னு எங்கேயாவது சொல்லியிருக்கேனா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அது கொலை அல்ல, கொலையாகாத மரணத்துக்குக் காரணமான குற்றம் என்று மாற்றினார்கள். ஆயுள் தண்டனை ஏழு வருடமாயிற்று. தம்பி அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே கழித்திருந்தான். கம்பு அந்த இடத்திலேயே நின்ற ஒன்று என்று எழுதியிருந்தார்கள். ஆடைகளைத் துவைத்ததில் தடயத்தை அழிக்கும் நோக்கம் எதுவும் தெரியவில்லை என்றும், இறந்தவரின் சட்டையும் கூடவே துவைத்து வெளிப்படையாகக் காயப்போடப்பட்டிருந்தது அதற்கு நேர்மாறானதையே காட்டுகிறது என்றும், நாற்பத்தொன்றாவது பத்தியின் முடிவு நீக்கப்படுகிறது என்றும் இருந்தது. தாமதத்தைப் பற்றி ஒரு வரி. துரதிர்ஷ்டவசமானது என்ற ஒரே சொல்லோடு அதைக் கடந்துபோயிருந்தார்கள். அந்த வரியை நான் ஏற்றுக்கொண்டேன். அது என்னுடையது.

சிறைக்குப் போய்த் தம்பியிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, "அண்ணி வந்திருந்தாளா?" என்றான். வந்தாள் என்றேன். "கயித்துல அவளே காயப்போடட்டும். என் முறை எனக்கு வேண்டாம்" என்றான். வேண்டுமா வேண்டாமா என்பதை வெளியே வந்து அவளிடமே சொல் என்றேன். அவன் சார்பில் அவனுடைய வெயிலை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது: வழக்கில் குறியிடப்பட்ட பொருட்களை, உரியவர் கோராவிட்டால், அழித்துவிடலாம். களத்தில் அண்ணியின் தொட்டியருகே நின்று இதையும் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து கூடையில் போட்டாள்.

"எப்பப் போறே?"

"வியாழக்கிழமை லீவு."

வியாழக்கிழமை இருவரும் விசாரணை நீதிமன்றத்தின் அலுவலகத்துக்குப் போனோம். மனுவை நான் மலையாளத்தில் எழுதியிருந்தேன். இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டோம். அங்கிருந்த எழுத்தர் அதை ஒருமுறை படித்தார். பிறகு பழைய கட்டை எடுத்துப் புரட்டி, மறுபடியும் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"நீங்க ஒண்ணாம் சாட்சி. செத்தவரோட மனைவி."

"ஆமா."

"நீங்க குற்றவாளியோட சகோதரி. எதிர் எதிர்க் கட்சி இல்லையா? ஒரே மனுவா எழுதியிருக்கீங்க?"

"செத்தவரோட சகோதரியும் நான்தான்" என்றேன். "ஒரே வீடு."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சட்டை ரெண்டு இருக்கு. நீலம், பழுப்பு. தனித்தனியாத்தான் தர முடியும். எது யாருக்குன்னு எழுதணும்."

நான் பேனாவை எடுத்தேன். அண்ணி என் கையின் மேல் கை வைத்தாள். துவைத்துத் துவைத்து வெளுத்துச் சுருங்கிய விரல்கள்.

"ரெண்டையும் சேர்த்துக் கொடுங்க சார்" என்றாள். "சேர்த்துத்தான் துவைச்சது."